கால் மிதிக்க, மோட்டார் பின்தொடர: இ-சைக்கிள் கேள்வி-பதில்

மிதித்தால் பாய்கிறது, நிறுத்தினால் நிற்க மாட்டேன் என்கிறது: இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே. ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். எந்த செட்டிங்கை மாற்றும் முன்பும் பழைய எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது டிஸ்ப்ளேயை செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

கே: பழைய கியர் சைக்கிளில் 36 வோல்ட், 250 வாட் பின்சக்கர ஹப் மோட்டார் கிட் மாட்டியிருக்கிறேன். கேடி கன்ட்ரோலர், எல்சிடி3 டிஸ்ப்ளே. மிதித்ததும் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. அரைச் சுற்றுக்குப் பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோல் பாய்கிறது. மோட்டார் உதவியின் முதல் நிலையிலேயே இந்தக் கதி. சிக்னலில் முன்னால் நிற்கும் வண்டியை இடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், கோவை

ப: உங்கள் கிட்டில் இருப்பது சுழற்சி சென்சார். மிதி சுற்றுகிறதா, இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்களா, சும்மா காலைச் சுற்றுகிறீர்களா என்பது தெரியாது. எனவே முழுக்க இயல்பான மிதியை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் பாய்ச்சல் சென்சாரின் குற்றம் அல்ல. பெரும்பாலும் டிஸ்ப்ளே மெனுவில் பி3 என்ற ஒரே ஒரு செட்டிங்கின் வேலை அது.

பி3 சுழியத்தில் இருந்தால் ஒவ்வொரு நிலையும் ஒரு வேகத்தைக் குறிக்கும். மிதி அசைந்ததும் கன்ட்ரோலர் (மோட்டாருக்குக் கரண்டை அளந்துவிடும் பெட்டி) 'இந்த வேகத்தை எட்ட வேண்டும்' என்று முடிவு செய்து, எட்டும்வரை கையிலிருக்கும் கரண்டை எல்லாம் கொட்டும். முதல் நிலையிலேயே பாய்வது இதனால்தான். பி3-ஐ 1 ஆக்கினால் ஒவ்வொரு நிலையும் ஒரு கரண்ட் அளவைக் குறிக்கும். முதல் நிலை என்றால் எப்போதும் சன்னமான தள்ளல், அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் உங்கள் கால்தான் கொடுக்க வேண்டும். சைக்கிள் மறுபடி சைக்கிளாகத் தெரிவது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

உள்ளே போகும் வழி: டிஸ்ப்ளேயை ஆன் செய்த 5 விநாடிக்குள் மேல், கீழ் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து 2 விநாடி அழுத்துங்கள். முதலில் வேக வரம்பு, சக்கர அளவு, அளவை முறை ஆகியவை வரும். அவை முடிந்ததும் மறுபடி 5 விநாடிக்குள் அதே இரு பொத்தான்களை அழுத்தினால் பி வரிசை. பி5 முடிந்ததும் அதேபோல் அழுத்தினால் சி வரிசை. நடுப்பொத்தானைத் தட்டினால் அடுத்ததற்குப் போகும், 2 விநாடி அழுத்திப் பிடித்தால் சேமித்து வெளியேறும்.

பி3-ஐ மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அதன் பிறகும் தொடக்கம் வெடுக்கென்று இருந்தால் சி5-க்கு வாருங்கள். இது வழக்கமாக 10-ல் இருக்கும். 10 என்றால் முழுக் கரண்ட். 03 என்றால் பாதி. 15 ஆம்ப் கன்ட்ரோலரில் 03 வைத்தால் உச்சம் 7.5 ஆம்ப், 04 வைத்தால் 10 ஆம்ப், 07 வைத்தால் 12.5 ஆம்ப். 00, 01, 02 மூன்றும் வேறு சங்கதி: அவை உச்சத்தைக் குறைக்காமல் கரண்ட் ஏறும் வேகத்தை மட்டும் தணிக்கும். 00-தான் மிக மெதுவானது, 02 லேசானது. ஆக மெதுவான தொடக்கமும் குறைந்த உச்சமும் சேர்ந்து கிடைக்காது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நகருக்குள் ஓட்டும் உங்களுக்கு 02 போதும். 00 வைத்தால் மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது மோட்டார் தூங்கி வழியும்.

சி14 என்பது உதவியின் மொத்தக் காட்டம்: 1 மென்மை, 2 நடுத்தரம், 3 வலு. கடைசியில் உப்பு சரிபார்ப்பதுபோல் இதைத் தொடுங்கள், முதலில் அல்ல. சி1 சென்சார் வகையோடு சம்பந்தப்பட்டது. இருக்கும் எண்ணுக்குப் பக்கத்து எண்ணை மட்டும் முயன்று பாருங்கள், கண்டபடி மாற்றினால் மோட்டார் கிளம்பவே கிளம்பாது. பி1-ஐ விட்டுவிடுங்கள். அது மோட்டாரின் பல்சக்கர விகிதத்தை ரோட்டரின் காந்த எண்ணிக்கையால் பெருக்கிய எண் (விகிதம் 5, காந்தம் 20 என்றால் 100). அது தவறினால் வேகக் கணக்கு குழம்பும்.

இனி, அந்த அரைச் சுற்றுத் தாமதம். மிதிகள் பூட்டிய கிராங்க் அச்சில் இருக்கும் காந்தத் தட்டைப் பாருங்கள். தட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். தட்டு கோணலாக உட்கார்ந்திருந்தால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 6 என்று இருக்கும், பாதிக் காந்தங்களை சென்சார் பார்க்கவே பார்க்காது. கிராங்கை மெல்லச் சுற்றி ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது இடைவெளியைக் கவனித்தால் இது தெரிந்துவிடும். எத்தனை காந்தம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

கே: மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொண்டே போகிறது. வளைவில் இது பெரிய தொல்லை. இந்தத் தாமதத்தை முழுதாக நீக்க முடியாதா?
- வாசகி, மதுரை

ப: முடியாது. கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். மிதி நின்றுவிட்டது என்று கன்ட்ரோலருக்குத் தெரிய ஒரே வழி, அடுத்த காந்தம் வராமல் போவதுதான். உங்கள் தட்டில் 12 காந்தங்கள் இருந்து, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 83 மில்லிவிநாடிக்கு ஒரு காந்தம் கடக்கும். 40 சுற்றாகக் குறைந்தால் 125. தட்டில் 5 காந்தங்களே இருந்தால் 60 சுற்றில் 200, 40 சுற்றில் 300 மில்லிவிநாடி. அந்த இடைவெளியைவிடக் கூடுதலாகக் காத்திருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று சொல்ல முடியும். காத்திருப்பைக் கண்மூடித்தனமாகக் குறைத்தால், நீங்கள் மெதுவாக மிதிக்கும்போதெல்லாம் மோட்டார் நிற்கும், கிளம்பும், நிற்கும். ஓட்டை ஸ்கூட்டர் மாதிரி உதறும்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தட்டு. 5 அல்லது 6 காந்தத் தட்டு இருந்தால் 12 காந்தமும் அதற்கேற்ற சென்சாரும் கொண்ட செட் வாங்குங்கள். கிராங்க் கழற்றும் கருவி இருந்தால் வேலை அரை மணி நேரம். பழைய கம்பியின் கனெக்டரோடு புதியதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும், பின்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வரிசை மாறியிருக்கலாம்.

வளைவுக்குச் செட்டிங்கை நம்பாதீர்கள். மின்துண்டிப்பு உள்ள பிரேக் லீவர் அதற்காகவே இருக்கிறது. பிடி லேசாக அசைந்ததும், பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடும் முன்பே, கரண்ட் நின்றுவிட வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, லீவரை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். உடனே நிற்கவில்லை என்றால் லீவருக்குள் இருக்கும் சுவிட்ச் அல்லது காந்தம் இடம் பெயர்ந்திருக்கிறது. மற்ற எதையும் தொடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கே: காந்தத் தட்டை நானே மாட்டினேன். பின்னோக்கி மிதித்தால் மோட்டார் ஓடுகிறது, முன்னோக்கி மிதித்தால் அசையவில்லை!
- வாசகர், திருநெல்வேலி

ப: தட்டைத் திருப்பி மாட்டுங்கள். பல தட்டுகளில் அம்புக்குறி இருக்கும், அழுக்கைத் துடைத்தால் தெரியும்.

கே: ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டுவதற்காக பாஃபாங் பிபிஎஸ்01 நடுமோட்டார், 36 வோல்ட், 15 ஆம்ப், போட்டிருக்கிறேன். டிஸ்ப்ளேயில் 9 நிலைகள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் திடுக்கென்று ஏறுகிறது, எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் வித்தியாசமே தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றினால் செயினில் டமார் என்று சத்தம். கம்பி வாங்கிவைத்திருக்கிறேன், எந்த எண்களை மாற்றுவது?
- வாசகர், சேலம்

ப: இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதைக்கு நடுமோட்டார் (கிராங்க் அருகே பூட்டி செயினை இழுப்பது) சரியான தேர்வு. செட்டிங்குகளும் கணினி வழியாக விரிவாகத் திறக்கும். உங்களிடம் இருப்பது யுஎஸ்பியில் செருகி டிஸ்ப்ளே கனெக்டரில் மாட்டும் கம்பி என்றே எடுத்துக்கொள்கிறோம். பாஃபாங்கின் 'கேன்' என்ற வேறு தகவல் தொடர்பு முறை மோட்டார்களுக்கு இந்தக் கம்பி பொருந்தாது, பிபிஎஸ் வரிசைக்குச் சரி. இணைத்ததும் முதலில் 'ரீட்' கொடுத்து, வந்த எண்களை ஒரு கோப்பாகச் சேமியுங்கள். பலர் இதை மறந்து நேரே 'ரைட்' கொடுத்துவிட்டு, தொழிற்சாலை எண்கள் என்னவென்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

நிலைகளில் தொடங்குவோம். தொழிற்சாலைக் கணக்கு பெரும்பாலும் சம இடைவெளி: 11, 22, 33 சதவீதம் என்று ஏறும். கேட்க ஒழுங்காக இருந்தாலும் காலுக்கு அது ஒழுங்கு அல்ல. 11-லிருந்து 22 என்றால் உதவி இருமடங்கு, திடுக்கிடும். 89-லிருந்து 100 என்றால் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, தெரியாது. கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் வையுங்கள்: 10, 14, 20, 28, 40, 55, 70, 85, 100. 15 ஆம்பில் 10 சதவீதம் 1.5 ஆம்ப், அதாவது பேட்டரியிலிருந்து சுமார் 54 வாட். மூன்றாம் நிலை 3 ஆம்ப், 108 வாட். ஐந்தாம் நிலை 6 ஆம்ப், 216 வாட். நிதானமாக மிதிக்கும் ஒருவர் நெடுநேரம் தரக்கூடியது 75 முதல் 100 வாட் என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு நிலைகளில் உங்கள் கால் முன்னே, மோட்டார் பின்னே. இயல்பாகத் தெரியும் எல்லை இதுதான். ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் இருக்கும் வேகச் சதவீதத்தை ஒன்பதிலும் 100 ஆக்குங்கள். இல்லாவிட்டால் கீழ்நிலைகளில் கொஞ்சம் விரைவாக மிதித்தவுடன் மோட்டார் கைவிட்டுவிடும்.

அடுத்து, மிதி உதவிப் பக்கம். இங்குதான் உணர்வு முழுவதும் இருக்கிறது.

ஸ்டார்ட் கரண்ட்: மிதி அசைந்ததும் விழும் முதல் தள்ளல். 10 அல்லது அதற்குக் கீழ் வையுங்கள். முதல் நிலைக்கு நீங்கள் கொடுத்த எண்ணை இது தாண்டக் கூடாது. தாண்டினால் கிளம்பும்போது ஓர் உதை விழுந்து பிறகு தணியும்.

ஸ்லோ ஸ்டார்ட் மோடு: 1 முதல் 8 வரை. எண் சிறிதானால் கரண்ட் வேகமாக ஏறும். 4 அல்லது 5 நல்லது. 'துடிப்பாக இருக்கும்' என்று சொல்லி 1, 2 வைக்கச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். நின்ற நிலையில், பெரிய கியரில், ஏற்றத்தில் கரண்ட் ஒரே பாய்ச்சலாக ஏறினால் கன்ட்ரோலரின் மாஸ்ஃபெட்கள் (கரண்டைத் திறந்து மூடும் மின் சுவிட்சுகள்) எரிந்துபோகும். பிபிஎஸ் மோட்டார்களில் கன்ட்ரோலர் போவதற்கு இது தெரிந்த காரணம். 3-க்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

தொடக்கச் சைகை எண்ணிக்கை 4-ல் இருக்கும். மிதி கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தாலே மோட்டார் எழும். அதை அப்படியே விடுங்கள். 2 ஆக்கினால் சிக்னலில் நின்றபடி மிதியைச் சரிசெய்யும்போதே வண்டி கிளம்பும்.

டைம் ஆஃப் ஸ்டாப்: ஓர் எண் 10 மில்லிவிநாடி. தொழிற்சாலையில் 25, அதாவது கால் விநாடி. செயின் சத்தத்துக்கு மருந்து இங்கேதான். நீங்கள் மிதிப்பதை நிறுத்திக் கியரைத் தட்டும் நேரத்திலும் மோட்டார் கால் விநாடி செயினை இழுத்துக்கொண்டே இருக்கிறது. முதலில் 15, பிறகு 10 என்று குறையுங்கள். ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது உதறத் தொடங்கினால் ஒரு படி மேலே வாருங்கள். 5-க்குக் கீழே போனால் வழக்கமான மிதியிலேயே விட்டு விட்டு ஓடும். ஸ்டாப் டிகே (நிறுத்தும்போது கரண்ட் மெல்லத் தணிவது) சுழியத்திலேயே இருக்கட்டும்.

கரண்ட் டிகே, கீப் கரண்ட் இரண்டும் ஜோடி. கால் விரைவாகச் சுழலத் தொடங்கியதும் மோட்டார் பின்வாங்க வேண்டுமா, எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதை இவை சொல்கின்றன. முதலாவதில் எண் பெரிதானால் பின்வாங்கல் தாமதமாகும். இரண்டாவது, பின்வாங்கிய பிறகு நிற்கும் சதவீதம். சமதரையில் கால் வெறுமனே சுற்ற, மோட்டார் மட்டும் இழுப்பதுபோல் தெரிகிறதா? கீப் கரண்டை 60-லிருந்து 40-க்குக் குறையுங்கள். மலையில் உங்களுக்கு 60-தான் வசதி. எனவே இதை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள்.

எண்களைத் தாண்டி ஒன்று உண்டு. நடுமோட்டாருக்கு மெதுவான, கனமான மிதி ஆகாது. பெரிய கியரில் நிமிடத்துக்கு 40 சுற்று திணறித் திணறி ஏறினால், உள்ளே போகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு சூடாகவே போகும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, 70 சுற்றுக்குக் குறையாமல் மிதியுங்கள். கியர் மாற்றும் நொடியில் காலைத் தளர்த்த மறந்துபோகிறது என்றால் கியர் கேபிளில் கோக்கும் ஷிஃப்ட் சென்சார் ஒன்று போடலாம். கேபிள் அசைந்ததும் அது மோட்டாரை ஒரு கணம் நிறுத்திவிடும்.

கே: டார்க் சென்சார் உள்ள சைக்கிள் வாங்கினேன். சில நாள் அருமையாக ஓடுகிறது. சில நாள் அதே நிலையில் உதவி பாதிதான் வருகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது, சில சமயம் ஆவதில்லை.
- வாசகர், சென்னை வேளச்சேரி

ப: ஆன் பொத்தானை அழுத்தும்போது உங்கள் கால் எங்கே இருக்கிறது? மிதியின் அழுத்தத்தை அளக்கும் இந்த டார்க் சென்சார்களில் பல, ஆன் ஆகும் கணத்தில் மிதியில் இருக்கும் விசையையே 'சுழியம்' என்று எடுத்துக்கொள்ளும். காலை மிதியில் வைத்தபடி ஆன் செய்தால், பாத எடைக்குச் சமமான விசையை அது கணக்கிலேயே எடுக்காது. இருகாலும் தரையில் இருக்க, ஆன் செய்து, திரை வந்து இரண்டு மூன்று விநாடி கழித்து மிதியைத் தொடுங்கள். ஷிமானோவின் ஸ்டெப்ஸ் மோட்டார்களில் டபிள்யூ013 என்ற எச்சரிக்கை வருவதும் இதற்குத்தான்: காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய் என்று அர்த்தம். சைக்கிளைச் சுவரில் சாய்க்கும்போது மிதி சுவரில் முட்டி நின்றாலும் இதே கோளாறு வரும். 'சில நாள்' என்று நீங்கள் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கே: எனக்கும் டார்க் சென்சார்தான். இடது காலால் அழுத்தும்போது நன்றாகத் தள்ளுகிறது, வலது காலுக்கு மந்தம். நொண்டி நடப்பதுபோல் போகிறது.
- வாசகி, புதுச்சேரி

ப: சில கிராங்க் அச்சு சென்சார்கள் இடது காலின் விசையை மட்டுமே அளக்கும், வலது காலுக்கும் அதையே வைத்து ஊகிக்கும். உங்களுடையது அந்த வகையா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் பழுது இல்லை, சுபாவம். செட்டிங்கில் 'ஆக்சிலரேஷன்' அல்லது 'ரெஸ்பான்ஸ்' என்ற பெயரில் எது இருக்கிறதோ அதை ஒரு படி மந்தமாக்கினால், கரண்ட் இரு கால்களுக்கும் நடுவே அதிகம் ஏறி இறங்காது. நொண்டல் குறையும், கிளம்பும் துடிப்பும் சற்றுக் குறையும்.

இரு கால்களையும் அளக்கும் வகை என்றால் மல்ட்டிமீட்டரை எடுங்கள். சென்சாரின் சைகைக் கம்பிக்கும் தரைக் கம்பிக்கும் நடுவே, மிதியில் கால் இல்லாதபோது வோல்ட் எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்படி வைத்து, முன்னே இருக்கும் மிதியில் ஏறி நில்லுங்கள். மற்றக் காலுக்கும் அப்படியே. பிரேக் பிடித்திருப்பதால் மோட்டார் கிளம்பாது. வோல்ட் இரண்டு பக்கமும் கணிசமாக ஏற வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஊசி அசையாததுபோல் இருந்தால் சென்சார் போய்விட்டது. செட்டிங்கில் மாரடிக்க வேண்டாம்.

கே: சூரிக்கில் வசிக்கிறேன். போஷ் ஸ்மார்ட் சிஸ்டம் மோட்டார். கம்பி போட்டு உள்ளே போக வழி உண்டா?
- வாசகர், சுவிட்சர்லாந்து

ப: தேவை இல்லை. ஈபைக் ஃப்ளோ செயலியிலேயே ஒவ்வொரு நிலைக்கும் உதவியின் அளவு, துடிப்பு, உச்ச டார்க் (சுழற்றும் விசை), உச்ச வேகம் ஆகியவற்றை மாற்றலாம். இயல்பான மிதி வேண்டுமானால் உதவியைத் தொடாமல் துடிப்பை மட்டும் ஒரு படி குறைத்துப் பாருங்கள். முரட்டுத்தனமாகத் தெரிவது பெரும்பாலும் வலுவினால் அல்ல, அந்த வலு வந்துசேரும் வேகத்தினால். ஈரப் பாறையும் வேர்களும் உள்ள காட்டுப் பாதையில் உச்ச டார்க்கையும் சற்றுக் குறைக்கலாம், பின்சக்கரம் வழுக்காது.

கே: 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சுவரில் முட்டியதுபோல் மோட்டார் நிற்கிறது. ஒரு கடையில் 'வரம்பை எடுத்துவிடுகிறேன், 45 வரை போகும்' என்கிறார்கள். எடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

ப: எடுத்தால் அது சைக்கிள் அல்ல. மோட்டார் வலு 0.25 கிலோவாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் என்பதால்தான் நம் நாட்டில் அதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் கேட்பதில்லை. சாதாரண சைக்கிளின் பிரேக்கும் ஃபோர்க்கும் 45-க்குச் செய்யப்பட்டவையும் அல்ல.

சுவரில் முட்டும் உணர்வுக்கு வேறு வழி இருக்கிறது. முதலில் சக்கர அளவைச் சரிபாருங்கள். 26 அங்குல, 1.95 அகல டயரின் சுற்றளவு சுமார் 2050 மில்லிமீட்டர், 700-35 டயருக்கு 2168. டிஸ்ப்ளேயில் பெரிய சக்கரத்தைக் கொடுத்துவிட்டு உண்மையில் சிறியது ஓடினால், 25 என்று காட்டும்போது நிஜ வேகம் 23, 24-தான் இருக்கும். டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நீங்கள் ஏறி அமர்ந்த நிலையில் ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் விழும் இரு தடங்களுக்கு நடுவே டேப்பால் அளந்தால் சந்தேகம் இல்லை. பிறகு, வரம்பை நெருங்கும்போது நிலையைக் குறையுங்கள். ஐந்தாம் நிலையில் 24-ல் போய்க்கொண்டிருந்தால் மோட்டார் தருவது நிறைய, அது சட்டென்று போனால் வெறுமை பெரிதாகத் தெரியும். இரண்டாம் நிலையில் போனால் இழப்பு சொற்பம், கால் அதைத் தாங்கிக்கொள்ளும்.

கே: இரண்டு வருடமாக ஒழுங்காக ஓடிய சைக்கிள், செட்டிங் எதையும் தொடவில்லை. இப்போது பேட்டரி பாதிக்கு வந்ததும் ஏற்றத்தில் வெட்டி வெட்டி இழுக்கிறது. டிஸ்ப்ளே அணைந்து அணைந்து எரிகிறது.
- வாசகர், கொடைக்கானல்

ப: பேட்டரி தளர்ந்திருக்கிறது. 36 வோல்ட் பேட்டரியில் செல்கள் 10 வரிசை, முழுச் சார்ஜில் 42 வோல்ட். ஏற்றத்தில் கரண்ட் அதிகம் இழுக்கும்போது பழைய செல்களின் வோல்ட் தாழ்ந்து, கன்ட்ரோலரின் குறை-வோல்ட் வரம்பைத் தொடும். கன்ட்ரோலர் துண்டிக்கும், சுமை போனதும் வோல்ட் மீளும், மறுபடி கிளம்பும். அதுதான் வெட்டல். டிஸ்ப்ளேயே அணைந்தால் துண்டிப்பது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை. ஏற்றத்தில் டிஸ்ப்ளேயின் வோல்ட்டைப் பாருங்கள்: சமதரையில் 37 காட்டி, ஏற்றத்தில் 31-க்குச் சரிந்தால் சந்தேகமே வேண்டாம். குறை-வோல்ட் வரம்பைக் கீழே இறக்கிச் சமாளிக்க நினைக்காதீர்கள். பலவீனமான வரிசை அடிமட்டத்துக்குப் போய் செல் நிரந்தரமாகக் கெடும், அப்படிக் கெட்ட செல்லைச் சார்ஜ் செய்வது தீ ஆபத்து. உச்சக் கரண்டைக் குறைத்து (கேடி என்றால் சி5-ஐ 04 ஆக்கி), சிறிய கியரில் ஏறினால் சில மாதங்கள் ஓட்டலாம். அதற்குள் கனெக்டர்களையும் ஒரு முறை பாருங்கள். பழுப்பேறி இளகிய பிளக் ஒன்று இருந்தாலும் இதே அறிகுறிதான், அதற்குச் செலவு மிகக் குறைவு.